கம்பத்தின் மேல் ஒருவர்

கூரையில் சோலார் பேனல் அமைத்தவர் பலருக்கும் ஓர் ஏமாற்றம் உண்டு. வெயில் கொளுத்தும் நண்பகலில் மின்தடை ஏற்பட்டால், அவர்கள் வீட்டு மின்விசிறியும் நின்றுவிடுகிறது. ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தரும். அப்படியிருந்தும் ஏன் இந்த முடக்கம்?

எங்கள் பகுதியில் இப்பணியைச் செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டேன். "லைன்மேன் கம்பத்துல ஏறியிருப்பாருங்க ஐயா" என்றார்.

மின்சாரம் இல்லையென நம்பி ஊழியர் கம்பியைத் தொடுகிறார். அவ்வேளையில் நம் கூரையின் மின்சாரம் அக்கம்பியில் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே, பொதுக்கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்ட இரண்டு நொடிகளுக்குள் தானே நின்றுவிட வேண்டும் என்பது விதி. பேட்டரி வைத்து, வீட்டை அக்கம்பியிலிருந்து தனியே பிரித்து ஒளியேற்றலாம், செலவு கூடும்.

அந்த எலக்ட்ரீஷியனுக்கோ அப்பாதுகாப்பும் இல்லை. கதிரவனுக்கு ஸ்விட்ச் கிடையாது. மெயினை அணைத்தாலும், வெளிச்சம் உள்ளவரை பேனலின் வயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். அந்த அபாயத்தின் நடுவே அமர்ந்து, எர்த் கம்பியைச் சோதித்து, வேலை முடிந்ததும் மெயினை அணைத்து, இன்வெர்ட்டர் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அவர் கீழே இறங்குகிறார். தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒரு தொழிலாளிக்காகச் செய்யும் சோதனை அது.

வெயில் நம் கூரையில் விழுகிறது. கம்பியோ ஊருக்குப் பொது. மின்தடையின்போது நாம் வியர்த்திருக்கும் அந்த அரைமணி நேரம், யாரோ ஒருவர் பத்திரமாகக் கம்பத்திலிருந்து இறங்குவதற்கு நாம் தரும் அவகாசம்.