ஐவேளையும் நீர் குடித்த எலுமிச்சை

என் வாப்பா வஃபாத்தானபோது, கடையநல்லூர் வீட்டின் மொட்டைமாடியில் ஓர் எலுமிச்சை காய்த்துக் கொண்டிருந்தது. அருகிலுள்ள புளியங்குடியிலிருந்து கன்றாக வாங்கிவந்து, வாப்பா தம் கையால் தொட்டியில் வைத்து வளர்த்த மரம் அது. உயரம் என் தோளைத் தாண்டாது. ஆனாலும் ரமளானில் எங்கள் வீட்டுக்கும் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் சர்பத்துக்குப் பழம் கொடுத்து வந்தது.

உம்மா இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள்களையும் அந்த வீட்டிலேயே முடித்தார்கள். பிறகு சென்னைக்கு என்னுடன் வரச் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள்: மரமும் வரவேண்டும். சிமெண்ட் தொட்டியைக் காரில் ஏற்ற இயலாது. ஆகவே அதை உடைத்து, மரத்தை மண்ணோடு எடுத்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கினேன். பால்கனியில் வைத்தபோது தரைக்கல் கறைபடக் கூடாதென்று அடியில் ஆழமான தட்டு ஒன்றையும் வைத்தேன். கீழ்வீட்டார் காயப்போடும் துணியில் தண்ணீர் சொட்டிவிடுமோ என்ற எண்ணமும் இருந்தது. இந்தத் தட்டைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உம்மாவுக்கு முழங்கால் வலி. பால்கனிக் குழாயின் முன் பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து உளூச் செய்வார்கள். அந்தத் தண்ணீர் வீணாகக் கூடாதென்று கீழே ஒரு பேசினை வைத்துக்கொண்டார்கள். தொழுது முடித்ததும் பேசினில் உள்ளதை எலுமிச்சைக்கு வார்ப்பார்கள். சுப்ஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று நாளுக்கு ஐந்து முறை. மருமகளிடம், "வாப்பா வச்ச மரம். ஒரு வக்துகூடத் தவறவிடல" என்று மகிழ்ச்சியோடு சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டபோது எனக்கும் மனம் நிறைந்தது.

ஐப்பசி மழை தொடங்கியபோது இலைகள் மஞ்சளாயின. முதலில் நடு நரம்பு வெளுத்தது; பிறகு இலை முழுவதும் வெளிறி, காம்போடு உதிர்ந்தது. நெல்லிக்காய் அளவில் இருந்த பிஞ்சுகள் ஏழும் ஒரே வாரத்தில் விழுந்தன. எஞ்சிய இலைகள் நண்பகலில் துவண்டு தொங்கின. உம்மா அதைப் பார்த்துவிட்டு, "வாடிப் போச்சுல்லா, தாகமா இருக்கு போல" என்று பேசினோடு இன்னொரு செம்பும் சேர்த்து வார்த்தார்கள்.

தொட்டியில் மரம் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். நீரின்றி வாடும் செடிக்கும், நீர் மிகுந்து வேர் அழுகிய செடிக்கும் இலை ஒரே மாதிரிதான் துவளும். வேர் அழுகிவிட்டால் மண் நிறைய ஈரம் இருந்தாலும் அதை உறிஞ்சி மேலே அனுப்ப ஆளில்லை. ஆகவே சேற்றில் நின்றுகொண்டே மரம் தாகத்தால் வாடும். வேருக்கு நீர் போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களின் இடைவெளியெல்லாம் எந்நேரமும் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத் திணறும். ஈரத்தில் பெருகும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்றுவிடும். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி என்று இந்தக் குடும்பம் முழுவதுமே ஈரம் தேங்குவதைத் தாங்காது.

ஒரு விடுமுறை நாளில், பழைய பெட்ஷீட்டைப் பால்கனியில் விரித்து மரத்தைத் தொட்டியிலிருந்து உருவினேன். சாக்கடை வாடை அடித்தது. நலமான வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ உறுதியாக இருக்கும். இங்கே பெரும்பகுதி பழுப்பேறிக் குழைந்திருந்தது. விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. அடித்தட்டில் இரண்டு விரற்கடை கறுத்த நீர் நின்றது. தொட்டியின் அடியில் துளைகள் இருந்தன. ஆனால் அவை அந்த நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தன.

ஊர் மாடியில் நாள் முழுவதும் வெயில், மேற்கு மலையிலிருந்து வரும் காற்று, சிமெண்ட் தொட்டி. அங்கே வாப்பா தினமும் காலையில் வார்த்த நீர் மாலைக்குள் காய்ந்துவிடும். இங்கே காலையில் மூன்று மணி நேர வெயில், ஈரம் கசியாத பிளாஸ்டிக், மழைக்காலத்துப் புழுக்கம். அளந்து பார்த்தேன்: உம்மாவின் ஓர் உளூவுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர். நாளொன்றுக்குப் பதினைந்து. தொட்டியின் மொத்தக் கொள்ளளவே இருபது லிட்டரைச் சற்று தாண்டும், அவ்வளவுதான்.

அளக்கும் வேலையில் என் உளூவையும் அளந்துவிட்டேன். ஏழு லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து என்பது சராசரி மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு லிட்டருக்கும் குறைவு. ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டு, தலையசைத்துவிட்டு வந்து, குழாயை முழுதாகத் திறந்து வைத்து நின்றவன் நான். உம்மாவைத் திருத்தப் போனவன் கொஞ்சம் கூனிக் குறுகித்தான் அவர்கள் எதிரில் அமர்ந்தேன்.

இனித்தான் கடினமான பகுதி. தண்ணீர் மிகுந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? வாப்பா போன பின் உம்மாவுக்கு இந்த ஊரில் சொந்தமாக இருந்த வேலை அது ஒன்றுதான். சொன்னேன். உம்மா நெடுநேரம் வேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "மரத்துக்குத் தண்ணி ஊத்துறது தப்பா வாப்பா?" என்று கேட்டார்கள். மகனையும் வாப்பா என்று அழைப்பது எங்கள் வழக்கம். அன்று அந்தச் சொல் யாரை நோக்கி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"தப்பு என்னோடதும்மா. தட்டை வச்சது நான்தான்" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதன்று. நீர் வெளியேறும் வழி திறந்திருந்தால், ஐந்து பேசின் வார்த்திருந்தாலும் இவ்வளவு கெட்டிருக்காது.

அழுகிய வேர்களை ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் நறுக்கினோம். பாதிக்கு மேல் போயிற்று. வேர் குறைந்தால் அது தாங்கும் கிளையும் குறைய வேண்டும். மேலேயும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தேன். உம்மா அப்போது மட்டும் உள்ளே போய்விட்டார்கள். புதிதாக ஒரு மண் தொட்டி வாங்கினேன். மண் தொட்டியின் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் காயும் என்பதால், கை தாராளமாக இருக்கும் வீட்டுக்கு அதுவே ஏற்றது. எஞ்சிய வேர் அடங்கும் அளவுக்கு மேல் பெரிதாக வாங்கவில்லை. வேர் எட்டாத மண் வெறுமனே ஈரம் காத்துக்கொண்டிருக்கும். அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள். உண்மை அதற்கு மாறானது: கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே ஈரம் தேங்கி நிற்கும். துளையை அடைக்காமலிருக்க ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நீரில் அலசி உப்பு போக்கிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் சிறிதளவு. பிண்ணாக்கோ வேறு உரமோ போடவில்லை. நோயாளிக்கு விருந்து வைப்பதில்லை. புதுத் துளிர் வந்த பிறகுதான் உரம். தண்டு முன்பு எந்த அளவு மண்ணில் இருந்ததோ அதே அளவிலேயே நட்டேன். ஆழமாகப் புதைத்தால் அடித்தண்டும் அழுகும். தட்டை எறிந்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கற்களின் மேல் ஏற்றினேன். கீழ்வீட்டாரிடம் போய்ச் சொன்னபோது, வாரம் இரண்டு முறைதானே என்று சிரித்துவிட்டார்கள். ஐந்து மாதங்களாக நான் அஞ்சியது அந்தச் சிரிப்புக்குத்தான்.

முதல் இரண்டு வாரம் நிழல். பிறகு வெயில் வேண்டும். அடுக்ககத்தின் மொட்டைமாடிதான் அதற்குச் சரியான இடம். ஆனால் கடைசித் தளம் வரைதான் லிஃப்ட். அதற்கு மேல் படி. உம்மாவின் முழங்கால் ஏறாது. பார்க்க முடியாத இடத்தில் மரத்தை வைப்பதும் வைக்காததும் ஒன்றே. துணி உலர்த்தும் கொடியை மறுபக்கம் மாற்றி, பால்கனியின் கிழக்கு மூலையில் நாலரை மணி நேர வெயில் தேடிக் கொடுத்தோம். எலுமிச்சைக்கு ஆறு மணி நேரமாவது இருப்பது நல்லது. இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறது.

தண்ணீருக்கு இப்போது நேரம் கிடையாது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடவேண்டும். ஈரம் பட்டால் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வழியும் வரை நிறைய வார்க்கவேண்டும். மேலோட்டமாக அடிக்கடி தெளிப்பது கூடாது. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி, முழுதாக வார்த்து வடியவிட்டால்தான் அது வேரைச் சுற்றித் தங்காமல் வெளியேறும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் அதுதான் உப்பு. கோடையில் நாள்தோறும்கூடக் கேட்கும். மழைக்காலத்தில் வாரம் முழுதும் கேட்காது. உளூ நீரில் சோப்பு கலவாததால் செடிக்குக் கெடுதலில்லை. எலுமிச்சைக்கு முறை வராத நாள்களில் அதை வாளியில் சேர்த்து, வாயிலில் நிற்கும் வேப்பமரத்துக்கு என் மகன் கொண்டு போகிறான்.

மூன்று மாதம் கழித்து ரமளான் வந்தது. பழம் இல்லை, கடையில் வாங்கித்தான் சர்பத் போட்டோம். ஆனால் வெட்டிய கிளையில் செந்நிறத் துளிர்கள் நான்கு வந்திருந்தன. அவற்றிலும் ஒன்றில் இலைத்துளைப்பான் வெள்ளிக் கோடு போட்டிருந்தது. உம்மா அந்த இலையைக் கிள்ளி எறிந்தார்கள்.

தொடக்கத்தில் விரலை விட்டுப் பார்ப்பதை உம்மா தொழுகைக்குப் பின் செய்துவந்தார்கள். இப்போது முக்காலியில் அமருமுன், முதலில் மண்ணில் விரல். அதன் பிறகே குழாய். நகக்கண்ணில் மண் இருக்கக் கூடாதல்லவா. நேற்று அஸருக்கு முன் விரலை எடுத்துப் பார்த்துவிட்டு, அறைக்குள் இருந்த எனக்குக் கேட்கும்படி, "இன்னிக்கு வேணாமாம்" என்றார்கள்.