தள்ளுமுள்ளும் முட்டுக்கட்டையும்

மதுரை

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி மாளாது. எல்லாமே எலக்ட்ரான், ஒன்றையொன்று தள்ளுமே, அப்புறம் முடுக்கியில் எப்படி ஒரே கற்றையாகப் போகிறது என்கிறாய். தள்ளத்தான் செய்கிறது. கூட்டம் மொத்தத்தின் மின்புலமும் சேர்ந்து ஒவ்வொரு துகளையும் வெளியே நெட்டுவதைத்தான் ஸ்பேஸ் சார்ஜ் என்கிறார்கள்.

ஆனால் ஓடுகிற எலக்ட்ரான் ஒரு மின்னோட்டமும்தானே? இணையாக ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும். வேகம் கூடக் கூட அந்தக் காந்த இழுப்பு தள்ளலை ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது காமா வர்க்கத்தில் ஒரு பங்குதான் (காமா என்பது துகளின் மொத்த ஆற்றல் அதன் ஓய்வு ஆற்றலைப் போல் எத்தனை மடங்கு என்பது). இந்தூரில் இண்டஸ் முடுக்கி வளையங்களுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் மைக்ரோட்ரானில் ஆற்றல் 20 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், காமா சுமார் 40. தள்ளல் 1,600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. தொல்லையெல்லாம் வேகம் எடுக்கும் முன்னால், எலக்ட்ரான் துப்பாக்கியின் வாயில்தான்.

பாடப்புத்தகம் ஸ்பேஸ் சார்ஜைத் தொல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்ம மதுரையிலேயே இதை நம்பி ஓடும் கருவி ஒன்று இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரம் மலைக்குள் வைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ கருவியின் சிறிய மாதிரி, மினி-ஐகால். எதிர்ப்பிலும் வழக்கிலும் பெரியது இழுபட்டுக் கிடக்க, 85 டன் காந்த இரும்போடு சின்னது 2018-லிருந்து இங்கே வானத்து மியூவான்களைப் பதிவு செய்கிறது.

இரும்பு அடுக்குகளுக்கு நடுவே ஆர்.பி.சி. என்னும் கண்ணாடிப் பெட்டிகள். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. உள்ளே பெரும்பங்கு ஆர்-134ஏ, கார் ஏசியில் ஊற்றுகிற அதே வாயு. குறுக்கே சுமார் 10,000 வோல்ட். மியூவான் ஒன்று புகுந்து சில எலக்ட்ரான்களை உதிர்த்தால், அவை வாயுவை மோதி மோதிப் பெருகும். தடையே இல்லாவிட்டால் அந்தப் பெருக்கம் தீப்பொறியில்தான் போய் முடியும். எலக்ட்ரான்கள் பத்துப் பதினைந்து நானோ நொடியில் இடைவெளியைக் கடந்துவிடும். கனத்த நேர்மின் அயனிகளோ நகராமல் பின்னால் நிற்கும். மாசி வீதியில் ஓடும் தேரின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்களே, அந்த வேலையை இவை செய்கின்றன. இரண்டுக்கும் நடுவே மின்புலம் குறைய, பெருக்கம் தானாக மட்டுப்படுகிறது.

இங்கே வேலை செய்வதும் ஸ்பேஸ் சார்ஜ்தான். ஆனால் அதை முழுக்க நல்ல பிள்ளை என்றும் சொல்லிவிட முடியாது. கூட்டத்தின் தலையிலும் வாலிலும் மின்புலம் ஏறும். எண்ணிக்கை பத்துக் கோடியை நெருங்கினால் அங்கிருந்தே பொறி கிளம்பும். அதை அடக்கத்தான் சல்பர் ஹெக்சாஃப்ளோரைடைத் துளியூண்டு கலக்கிறார்கள்.

திடப்பொருளில் கதை இன்னும் மந்தம். நேர்மின்சாரக் கேபிளின் பாலிஎதிலீன் உறைக்குள் மின்னூட்டம் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்போது துருவத்தை மாற்றினால் உறையில் அழுத்தம் எகிறி, கேபிளே போய்விடலாம். புகலூர்–திருச்சூர் 320 கிலோவோல்ட் தடத்தில் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிள். துருவம் மாற்றாமலே மின்சாரம் போகும் திசையைத் திருப்பும் முறைதான் அங்கே.

அடுத்த வருஷ புராஜெக்டுக்குப் பெங்களூர், மும்பை என்று அலையாதே. முதலில் இங்கே மினி-ஐகாலுக்கு விண்ணப்பம் போடு. அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டே செய்யலாம்.

அன்புடன்,
அண்ணன்