பிளாட்பாரமும் ஒரு பிளாட்பாரம்!

சென்னையில் வீடு கிடைக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான் சார். எந்த வீடு காலி என்கிற தகவல் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி!

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன். "மாடிப்படியே கூடாது" என்றுவிட்டார் டாக்டர். நாங்கள் இருந்ததோ மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே மாசத்தில் தரைத்தள வீடு வேண்டும். மூன்று தரகர்களைப் பிடித்தேன். ஒருத்தர் வாடகை பதினெட்டாயிரம் என்றார். அடுத்தவர் இருபது. மூன்றாமவர், "உங்களுக்காகப் பேசி" இருபத்திரண்டு! போய்ப் பார்த்தால், மூணும் ஒரே வீடு. வாசல் முருங்கை மரம் காட்டிக் கொடுத்துவிட்டது.

கடைசியில் வீடு பிடித்துக் கொடுத்தவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். யார் காலி பண்ணுகிறார்கள் என்பது துணி வரத்து குறைவதிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிறார், காசு வாங்குவதில்லை. 'ஓப்பன் பிளாட்பாரம்' என்கிறார்களே... அவர் நிற்பதே பிளாட்பாரத்தில்தான்!

தரகர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய சரக்கு வீடு இல்லை, விலாசம். அதை வெளியே விட்டால் கமிஷன் போச்சே என்கிற பயம்.

அமெரிக்கத் தரகர்களுக்கும் இதே பயம் இருந்தது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவர்கள் கூடி உட்கார்ந்து பட்டியலைப் பரிமாறிக்கொண்டார்கள். "என் கையிலுள்ள வீட்டுக்கு நீ ஆள் கொண்டு வா, கமிஷனில் உனக்கும் பங்கு" என்பது ஏற்பாடு. அதுதான் 'மல்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ்'. கம்ப்யூட்டர் வந்ததும் புதுத் தலைவலி. ஊருக்கு ஊர் ஒரு பட்டியல், ஒவ்வொன்றும் ஒரு பாஷை. 1999-ல் 'ரெட்ஸ்' என்று ஒரு பொது இலக்கணம் எழுதினார்கள். பிறகு அந்த இடத்துக்கு 'ரெசோ வெப் ஏ.பி.ஐ.' வந்தது. அனுமதி வாங்கிய எந்த வெப்சைட்டும் அதே விவரத்தை எடுத்துக் காட்டலாம்.

அங்கேயும் எல்லாரும் புத்தர் இல்லை. இன்டர்நெட் தரகர்களுக்குப் பட்டியலைக் காட்டாமல் மறைக்க வழி செய்ததாக, தரகர்களின் தேசியச் சங்கத்தின் மீது 2005-ல் அரசாங்கமே வழக்குப் போட்டது, 2008-ல் சமரசம். கமிஷன் பங்கு பற்றிய வேறொரு வழக்கில், 2024-ல் அதே சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் கமிஷன் பங்கைப் போடக் கூடாது. வீட்டு விவரம் மட்டும் பழையபடி பொதுவில்தான் இருக்கிறது.

நம்ம ஊர் நிலைமை வேடிக்கை. முப்பது வருஷத்து வில்லங்கத்தைப் பதிவுத்துறை வெப்சைட்டில் ஓசியில் பார்க்கலாம். புது அடுக்குமாடி விவரத்தை, 2016 ரெரா சட்டத்தின் புண்ணியத்தில் தெரிந்துகொள்ளலாம். பக்கத்துத் தெருவில் எந்த வீடு காலி என்பது மட்டும் பரம ரகசியம்!

தரகர் அண்ணன்மார்களே, ஊருக்கு ஒரு பொதுப் பட்டியல் போடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரே வாடகை, வீடு போய்விட்டால் அன்றைக்கே அடித்துவிட வேண்டும். கமிஷனைக் கொடுக்க நாங்கள் தயார்... மூணு தடவை அதே முருங்கை மரத்தைப் பார்க்கத்தான் தெம்பில்லை!