முடவன் முழுக்கு

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்று நம் ஊர்க்காரர்கள் பெருமை அடித்துக்கொள்வதை நேயர்கள் கேட்டிருக்கலாம். 1982-ம் வருஷத்தில் அரசாங்கத்தார் மயிலாடுதுறை என்னும் பழைய பெயரை ஊருக்கு மீட்டுக் கொடுத்தார்கள். 2020-ல் தனி ஜில்லாவின் தலைநகராகவும் ஆக்கினார்கள். ஆயினும் நம் வாயில் வருவது மாயவரந்தான். ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலான புண்ணிய நதிகள் இங்கே காவேரியில் வந்து கலப்பதாகவும், ஜனங்கள் தங்களிடம் கழுவிவிட்டுப் போன பாவ மூட்டைகளைத் துலாக் கட்டத்தில் இறக்கி வைப்பதாகவும் ஐதீகம். நதிகளே இவ்வளவு பிரயாசைப்பட்டு வந்து சேருகிற ஊரில் பிறந்து வளர்ந்த நாம், துலா ஸ்நானம் செய்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உள்ளூர் மூலிகை மருந்துக்கு ஆகாது அல்லவா? சென்ற ஐப்பசியில்தான் புத்தி வந்தது. புத்தி புகட்டியவள் நம் வீட்டுப் பாப்பா.

நவராத்திரிக்குக் கொலு வைத்தபோது பாப்பாவுக்குப் பதினேழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மாதம் நடந்ததே தவிர, பாப்பா நடக்கவில்லை. தவழவும் இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மற்றொரு காலால் தரையை உந்தி, துடுப்புப் போட்ட தோணியைப் போலக் கூடம் முழுவதும் சுற்றி வருவாள். அந்தத் தோணியின் வேகம் சாமான்யமானதல்ல. கொலுப் படியின் கீழ்த் தட்டில் அரிசி பருப்பு வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்த செட்டியார் பொம்மை, முதல் நாள் மாலைக்குள் தலையை இழந்தார்.

மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள வந்த பெண்மணிகள் சுண்டலைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை நடக்கிறாளா?" என்பதே. ஒரு பாட்டியம்மாள், "இன்னும் சப்பாணிதானா?" என்று பெருமூச்சு விட்டார். அன்று இரவு நம் மனைவி சாப்பிடவில்லை. நாம் தமிழ் வாத்தியார்த்தனமாக, பிள்ளைத்தமிழில் சப்பாணி என்பது குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் அழகிய பருவம் என்று விளக்கினோம். "சப்பாணிக்குப் பிறகு என்ன பருவம்?" என்று அவர் கேட்டார். முத்தம், அதற்கு மேல் வாரானை. தளர் நடையிட்டு வா வா என்று குழந்தையை அழைக்கும் பருவம். அது ஓராண்டு நிறைந்ததை ஒட்டி வருவது. இதைச் சொன்ன பிறகு நாமும் சாப்பிடவில்லை.

குழந்தை வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். உலக சுகாதார ஸ்தாபனத்தார் இந்தியா உள்பட ஐந்து தேசத்துக் குழந்தைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட கணக்கைச் சொன்னார். பிடி இல்லாமல் நடப்பது சில குழந்தைகளுக்கு எட்டு மாதத்திலேயே வந்துவிடுகிறது. சிலருக்குப் பதினேழரை மாதம் வரையில் ஆகிறது. உட்கார்ந்தே நகரும் குழந்தைகள் பெரும்பாலும் தாமதித்தே நடக்கும் என்றும் தைரியம் சொன்னார். சக்கரம் வைத்துக் குழந்தையை நடுவில் உட்கார்த்தும் பிளாஸ்டிக் வண்டி மட்டும் கூடவே கூடாதாம். கானடாவில் 2004-ல் அதன் விற்பனையையே தடுத்துவிட்டார்களாம். தச்சர் செய்து கொடுக்கிற மூன்று சக்கர மர நடைவண்டியை மெதுவாகத் தள்ளிப் பழகலாம். எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்திருக்கும்போது, "பதினெட்டு மாதம் நிறைந்தும் நடக்காவிட்டால் அழைத்து வாருங்கள், சில பரிசோதனைகள் செய்து பார்த்துவிடலாம்" என்றார். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தோம். ஐப்பசி மாதக் கடைசியில் பதினெட்டு நிறைகிறது.

இந்த நிலையில் வீட்டில் அடைந்து கிடப்பது நல்லதல்ல என்று நம் தாயார் தீர்ப்புச் சொன்னார். "நாலு இடம் பார்த்தால் குழந்தைக்குக் கால் வரும். உனக்கும் முகம் தெளியும்" என்றார்.

முதலில் விஜயதசமியன்று கூத்தனூர் சென்றோம். திருவாரூர் ரயிலில் ஏறிப் பூந்தோட்டத்தில் இறங்கினால் ஊர் அருகில்தான். சரஸ்வதிக்கென்றே அமைந்த கோயில். இரண்டாம் இராசராச சோழன் ஒட்டக்கூத்தருக்குக் கொடுத்த ஊராதலால் இப்பெயர் என்பது வழக்கு. இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களில் மிகப் பழமையானது குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். அதைப் பாடியவர் ஒட்டக்கூத்தரே. சப்பாணியிலிருந்து வாரானைக்குப் போக வேண்டிய குழந்தையை அவர் பெயர் தாங்கிய ஊருக்கு அழைத்துப் போவது பொருத்தந்தானே என்று எண்ணினோம். பாப்பாவுக்கு எழுத்தறிவிக்கும் வயதாகவில்லை. தரிசனம் மட்டுந்தான் நோக்கம். பாப்பா வேறு மாதிரி எண்ணியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பையன், தகப்பனார் கையைப் பிடித்து நடத்த, தட்டில் பரப்பிய நெல்லில் அகரத்தை எழுதி முடிக்கும் தறுவாயில், இவள் இடுப்பிலிருந்து எட்டி ஒரு பிடி நெல்லை அள்ளி அவன் தலையில் போட்டாள். பையன் அழுதான். அவன் தகப்பனார், "அட்சதை என்று வைத்துக்கொள்வோம், ஸார்" என்றார். மகா பெருந்தன்மை.

தீபாவளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெடிச் சத்தத்துக்கு அஞ்சிப் பாட்டியின் மடியிலேயே கிடந்தாள்.

தீபாவளி விடுமுறையில் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டோம். மாயவரத்திலிருந்து அங்கே 1926 முதல் ஒரு கிளை ரயில் ஓடியது. 1986-ல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் பஸ்ஸில் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று ஆடி ஆடிப் போனோம். திருக்கடையூரில் வண்டி நின்றபோது மாலையும் கழுத்துமாகச் சஷ்டியப்த பூர்த்தித் தம்பதிகள் பலரைக் கண்டோம். பதினாறே வயதென்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்காக யமனையே உதைத்த ஸ்தலம். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தில்லையாடி. பதினாறு வயதில் இறந்தும் இறவாத வேறொரு குழந்தையின் மூதாதையர் ஊர் அது. நாம் அங்கே இறங்கிவிட்டோம்.

வள்ளியம்மையின் நினைவு மண்டபத்தில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, சிறையிலிருந்து காய்ச்சலுடன் வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ந் தேதி உயிர் நீத்தாள் அந்தப் பெண். இதை நாம் எத்தனையோ முறை வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆனால் பத்துக் கிலோக் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு அங்கே நின்றபோது, பாடத்தில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஓர் இடம் நினைவுக்கு வந்தது. மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர், 1913 நவம்பர் 6-ந் தேதி, நம் ஐப்பசி மாதத்தில், காந்தியடிகளுடன் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தார்கள். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தியடிகளே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அந்த யாத்திரையில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரும் வெயிலும் தாங்காமல். மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி. தாய்மார்கள் அதற்குப் பிறகும் நடந்தார்கள். அடுத்த வருஷம் அந்த வரி ஒழிந்தது. 1915-ல் தாயகம் திரும்பிய காந்தியடிகள் இந்தத் தில்லையாடிக்கு வந்து போனார்.

நம் மனைவி பாப்பாவை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார். கனக்கிறதே என்று பஸ்ஸில் முணுமுணுத்து வந்தவர், அதன் பிறகு தரங்கம்பாடி சேரும்வரை இறக்கவே இல்லை.

தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் இங்கேதான் தமிழ் கற்றார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் இங்கேதான். 1845-ல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரை விற்பதென்றால் அதில் குடியிருந்த ஜனங்களையும் சேர்த்துத்தான்! நமக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு எரியும். அன்று எரியவில்லை. கோட்டை மதிலுக்கு வெளியே மணலில் பாப்பாவை இறக்கிவிட்டோம். மணலில் உட்கார்ந்தபடி உந்திப் பார்த்தாள், தோணி நகரவில்லை. மறுபடி உந்தினாள், கால்தான் புதைந்தது. அலை வந்து பாவாடையை நனைத்தது. கோபத்துடன் நம் வேஷ்டியைப் பற்றி எழுந்து நின்றாள். பிறகு வேஷ்டியை விட்டுவிட்டாள்! கடலைப் பார்த்துக்கொண்டு, பிடி இல்லாமல், மூன்று அலை வந்து போகும் நேரம் நின்றாள். நாங்கள் மூச்சு விடவில்லை. நான்காவது அலையில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வீடு திரும்பிய பிறகு பத்து நாள் நிற்கவே மறுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டிய கடல் கூடத்தில் இல்லை போலும்.

கடைமுகம் வந்தது. ஐப்பசி மாதக் கடைசி நாளுக்கு இங்கே அப்படிப் பெயர். மாயூரநாதரும் வள்ளலார் கோயில் வதான்யேசுவரரும் மற்ற ஸ்தலத்துச் சுவாமிகளும் காவேரிக் கரைக்கு எழுந்தருளித் தீர்த்தம் கொடுப்பார்கள். 1934-ல் மேட்டூர் அணை ஏற்பட்ட பிறகு காவேரித் தாய் கணக்குப் பார்த்துத்தான் வருகிறாள் என்றாலும், சென்ற வருஷம் மழையும் சேர்ந்துகொண்டதால் ஆற்றின் நடுவிலுள்ள நந்தி மண்டபத்தைச் சுற்றிலும் தண்ணீர் சுழித்து ஓடியது. போவதற்கு வேஷ்டியும் துண்டும் எடுத்து வைத்திருந்தோம். விடியற்காலையில் பாப்பாவுக்கு ஜலதோஷம், உடம்பு கொதித்தது. யாரும் போகவில்லை. பதினெட்டு மாதமும் அன்றுதான் நிறைந்தது. நாதஸ்வர ஓசை தெருக்கோடி வரையில் வந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"அழாதே. நாளைக்கு முடவன் முழுக்கு இருக்கிறது" என்றார் நம் தாயார். பாப்பாவுக்குச் சொன்னாரா, நமக்குச் சொன்னாரா தெரியவில்லை.

கதையை அறியாதவர்களுக்குச் சொல்கிறோம். துலா ஸ்நானம் செய்ய ஆசைப்பட்டு, நடக்க முடியாத ஒருவன் வெகு தூரத்திலிருந்து புறப்பட்டான். தவழ்ந்தும் நகர்ந்தும் அவன் மாயூரம் வந்து சேருவதற்குள் ஐப்பசி முடிந்து கார்த்திகை முதல் தேதி பிறந்துவிட்டது. அவன் கதறினான். சிவபெருமான் அந்த ஒரு நாளையும் சேர்த்துக் கொடுத்தார். அன்று முழுகுகிறவர்களுக்கும் துலா ஸ்நான பலன் உண்டு. முடவன் என்ற சொல்லை இக்காலத்தில் நாம் பள்ளிக்கூடத்தில் யாரையும் குறித்துச் சொல்ல விடுவதில்லை, அதுவே நியாயம். ஆனால் அந்த நாளின் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் ஜுரம் தணிந்திருந்தது. அதிகாலையில் போனோம். நேற்றைய கூட்டத்தில் கால் பங்குகூட இல்லை. வயதானவர்கள், கோலூன்றியவர்கள், சக்கர நாற்காலியில் ஒரு வாலிபர், அவரைப் படிக்கட்டில் தூக்கி இறக்கிய இரண்டு நண்பர்கள், இரவெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்தவர்கள். நேற்று வர முடியாதவர்களின் கூட்டம். பாப்பாவுக்குக் காவேரி ஜலத்தைத் தலையில் தெளித்ததோடு சரி. நாம் முழுகி எழுந்தோம். எழும்போது ஒன்று தோன்றியது. நாம் சிறு வயதிலிருந்து கேட்ட அந்தக் கதையில், அவனுக்குக் கால் வந்துவிட்டதாக நம் தாயார் ஒருபோதும் சொன்னதில்லை. அவன் ஈசனிடம் கால் கேட்கவும் இல்லை. ஒரு நாள்தான் கேட்டான். பஞ்சாங்கத்தைத் திருத்திக்கொண்டவர் ஈசனே.

கரையில் நம் மனைவி, "என்ன வேண்டிக்கொண்டீர்கள்?" என்றார். பாப்பாவை எண்ணி இரண்டு மாதமாக நாம் வெளியே சொல்லாத பயத்தை அப்பொழுதுதான் சொன்னோம். "எனக்கும் அதே பயந்தான்" என்றார் அவர். "நடக்காவிட்டால் தூக்கிக்கொண்டு போவோம். இந்த மாதம் முழுக்க அதைத்தானே செய்தோம்?" பிறகு ஈரத் துணியுடன் மாயூரநாதர் கோயிலுக்குப் போய், லிங்கத் திருமேனிக்குச் சேலை சாற்றியிருக்கும் அநவித்யாம்பிகை சந்நிதியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வழியில் காப்பியும் இட்டிலியும் பலமாக நடந்தன.

டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் குறித்தாயிற்று. வியாழக்கிழமை மத்தியானம், நாம் ஒன்பதாம் வகுப்பில் குற்றியலுகரம் நடத்திக்கொண்டிருந்தபோது, நம் மனைவி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பாப்பா சுவரைப் பிடித்து எழுந்து, சுவரை விட்டு, பாட்டி முறுக்கு டப்பாவைத் திறந்த சத்தத்தை நோக்கி ஆறு அடி நடந்தாள். கண்ட சாட்சி நம் தாயார் ஒருவரே. "வா வா என்றுகூட நான் சொல்லவில்லையடா; டப்பாதான் சொல்லிற்று" என்றார். ஆக, வாரானைப் பருவத்தைப் பாடியது முறுக்கு டப்பா.

மாலையில் ஓடி வந்து, டப்பாவைத் திறந்தோம், மூடினோம், ஆட்டினோம். பாப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து நம்மைக் கருணையுடன் பார்த்தாளே தவிர அசையவில்லை. இரவு தூங்கும் வரையில் அசையவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளேன், உனக்கென்று ஒரு நாள் விடாமலா போகிறாள்?" என்று தாயார் விளக்கை அணைத்தார். வெள்ளிக்கிழமை முதல் மணிக்கு நாம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எட்டரை மணிக்கு, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, தலையில்லாத செட்டியார் பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு பாப்பா வந்தாள்.