மூன்று வீட்டுத் தட்டுகள்

நுழையும்முன்

பண்டிகை நாளில் பலகாரத் தட்டொன்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் செல்வது நம் ஊர்களில் எளிய காட்சி. அத்தட்டில் எதை வைப்பது, எப்போது கொடுப்பது, எவ்வாறு திருப்புவது என்பவற்றில் ஒரு வாழ்க்கைமுறையே அடங்கியிருக்கிறது. பாளையங்கோட்டைத் தெரு ஒன்றில் வளர்ந்த ஒருவரின் சிறுவயதுக் கிறிஸ்துமஸ் நினைவுகள் அதனை நமக்கு உணர்த்துகின்றன.

மார்கழித் தெரு

தாமிரபரணியின் இரு கரைகளிலும் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் இரட்டை நகரங்களாக அமைந்துள்ளன. மக்கள் ‘ஊசிக்கோபுரம்’ என்று அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம் பாளையங்கோட்டையில், 1826ஆம் ஆண்டில், இரேனியஸ் என்னும் செருமானிய இறைப்பணியாளரின் காலத்தில் கட்டப்பட்டது. ராஜகோபாலசுவாமி கோயிலும் பள்ளிவாசலும் அதே ஊரில் இருக்கின்றன. அவ்வூரின் பழைய தெரு ஒன்றில் மூன்று வீடுகள். ஒன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கிறித்தவக் குடும்பத்துக்கு உரியது. அதன் இடப்புறம் சைவ வேளாளர் வீடு. எதிரே இசுலாமியர் வீடு.

தமிழாசிரியரின் பேரன் அம்மூன்று வீடுகளிலும் வளர்ந்தான். பக்கத்து வீட்டு மூதாட்டி அவனுக்கு ‘ஆச்சி’. எதிர்வீட்டு மூதாட்டி ‘பெத்தும்மா’. அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் எவ்வாறு அழைத்தார்களோ அவ்வாறே அவனும் அழைத்தான்.

மார்கழி பிறந்துவிட்டால் அத்தெருவுக்கு உறக்கம் குறைந்துவிடும். நள்ளிரவு நெருங்கும்வரை கேரல் குழுவினர் வீடு வீடாகப் பாடிச் செல்வர். கோழி கூவுமுன் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கிவிடும். 1998 முதல் 2000 வரையான மூன்று ஆண்டுகளில் இவற்றோடு இன்னோர் ஒலியும் சேர்ந்துகொண்டது. சந்திரனின் ஓட்டத்தைப் பின்பற்றும் இசுலாமிய ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள்கள் குறைவானது. அதனால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, அம்மூன்று ஆண்டுகளிலும் கிறிஸ்துமஸ் நாளைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. சஹர் உணவுக்காக மக்களை எழுப்பும் பக்கீரின் தப்ஸ் ஒலி, கேரல் பாடல் ஓய்ந்ததற்கும் திருவெம்பாவை தொடங்குவதற்கும் இடைப்பட்ட இருளில் கேட்கும். போர்வைக்குள் படுத்தபடியே சிறுவன் மூன்றையும் கேட்பான். எது தன்னுடையது, எது பிறருடையது என்ற கேள்வி அவனுக்கு எழுந்ததில்லை.

தட்டின் இலக்கணம்

கிறிஸ்துமசுக்குப் பத்து நாள்களுக்கு முன்பே அவன் வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறிவிடும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், கைம்முறுக்கு என ஒவ்வொன்றாகத் தகர டின்களில் நிறையும். வறுத்த பாசிப்பயற்று மாவில் வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து, மூன்று மூன்று உருண்டைகளாக ஒட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்தில் பெயரளவுக்குக்கூட முந்திரி இராது. அதைக் கேட்டுச் சிரிப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சடங்கு.

பலகாரத் தட்டுகளைக் கொண்டு செல்வது சிறுவனின் பொறுப்பு. 1998ஆம் ஆண்டு, எட்டு வயதில், முதன்முறையாக அப்பொறுப்பு அவன் கைக்கு வந்தது. பேக்கரியில் வாங்கிய பிளம் கேக்கின் பெரிய துண்டுகளைத் தானாகவே இரண்டு தட்டுகளிலும் வைத்தான். நண்பகலில் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய், “பெத்தும்மா, இப்பவே ஒரு வாய் சாப்பிடுங்க” என்று வற்புறுத்தினான். ஆச்சியிடமும் கேக்கை நீட்டினான். பெத்தும்மா சிரித்துக்கொண்டே தட்டை வாங்கி மூடிவைத்தார். ஆச்சியும் ஒன்றும் சொல்லாமல் பெற்றுக்கொண்டார்.

மாலையில் செய்தியறிந்த தாத்தா, அவனை அழைத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குச் சென்றார். கேக்கில் முட்டை சேர்ந்திருப்பதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். “பிள்ளை ஆசையாக் கொண்டாந்ததை வேண்டாம்னு சொல்லலாமா சார்? கையில வாங்கினேன், வாயில போடல. அவ்வளவுதான்” என்றார் ஆச்சி.

திரும்பி வந்த தாத்தா, திண்ணையில் அமர்ந்து பேரனிடம் சொன்னார்: “தட்டைத் தூக்கிட்டு ஓடுறது பெரிய காரியமில்லலே. எந்த வீட்டுக்கு, எந்த நேரத்துல, எதைக் கொண்டு போகணும்னு தெரியணும். ஆச்சி முட்டை சேர்க்க மாட்டாங்க. பெத்தும்மா பொழுது சாயுற வரை தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. இதை நாம நினைவுல வச்சுக்கிட்டாத்தான் நாம கொடுக்கிறது அவங்களுக்குப் போய்ச் சேரும்.”

மற்றொரு விதியையும் அவர் சொன்னார். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாது. வேறொன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டிச் சர்க்கரையாவது வைத்துத் திருப்ப வேண்டும். அதனால் அத்தெருவில் எவர்சில்வர் தட்டுகள் எப்போதும் பயணத்திலேயே இருந்தன. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் அவ்வீட்டாரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தும், எந்த வீட்டு அடுக்களையைத் திறந்தாலும் மற்ற இரு வீட்டுப் பெயர்களும் கண்ணில் படும்.

தாத்தாவின் புத்தக அலமாரியும் அந்த அடுக்களையைப் போன்றதே. கம்பராமாயணத்துக்கு அருகில் உமறுப்புலவரின் சீறாப்புராணம். அதற்கும் அருகில் எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனைக் கற்றுத் தோய்ந்து, பின்னர்க் கிறித்தவத்தைத் தழுவியவர் கிருட்டிணப்பிள்ளை என்பதைத் தாத்தா மாணவர்களுக்கு விரும்பிச் சொல்வார். மூன்று நூல்களையும் ஒரே துணியால்தான் துடைப்பார்.

எண்ணெய்ச்சட்டி ஏறாத வீடு

2000ஆம் ஆண்டு ஐப்பசியில், அடைமழை நாளொன்றில், தாத்தா காலமானார்.

துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஓராண்டுக் காலம் பண்டிகைப் பலகாரம் செய்யாதிருப்பது தென்மாவட்டங்களில் சமய வேறுபாடின்றிப் பல குடும்பங்களில் நிலவும் வழக்கம். அந்த டிசம்பரில் சிறுவனின் வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறவில்லை. புத்தாடை எடுக்கவில்லை. தாத்தா தம் கையால் மூங்கில் சிம்புகளை இழைத்துக் கட்டிய நட்சத்திரக் கூடு பரணிலேயே கிடந்தது. ஆண்டுதோறும் அவர்தாம் அதற்கு வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கிட்டு வாசலில் தொங்கவிடுவார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியது. தெருவெங்கும் நட்சத்திரங்கள் ஏறின. பத்து வயதுச் சிறுவன் தன் வீட்டின் இருண்ட வாசலைப் பார்க்க விரும்பாமல் உள்ளேயே இருந்தான். தாத்தா இறந்தது ஒருபுறம் இருக்க, தட்டுகள் இல்லாத கிறிஸ்துமசையும் எண்ணி அழுதான். அவ்வாறு அழுவது தவறோ என்ற எண்ணமும் சேர்ந்து அவனை வருத்தியது.

கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள்களுக்கு முன், சனிக்கிழமை காலையில், ஆச்சி வந்தார். சிறுவனின் தாயிடம் நேரடியாகவே பேசினார்.

“உங்க வீட்ல சட்டி வைக்கக் கூடாது, சரி. எங்க வீட்ல வைக்கலாம்லா? அச்சை மட்டும் எடுத்துக் குடு. இந்தப் பயலையும் அனுப்பு.”

அன்று முழுவதும் ஆச்சியின் அடுக்களையில் எண்ணெய் காய்ந்தது. அச்சுமுறுக்குக்கு முட்டை சேர்ப்பது சிறுவன் வீட்டு வழக்கம். ஆச்சி அரிசிமாவில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மட்டும் கலந்தார். முறுக்கு பூப்போலப் பிரிந்து எண்ணெயில் மிதந்தது. உண்டு பார்த்தபோது வேறுபாடு ஏதும் தெரியவில்லை.

அன்று மாலை ஆச்சியின் மூத்த மகன் பரணில் ஏறினார். அவர் தாத்தாவிடம் பயின்றவர். “சார் கட்டின கூடு இருட்டுல கிடக்கலாமா?” என்று கேட்டவாறே கூட்டைத் தூசி தட்டி எடுத்தார். துக்க வீட்டில் விளக்கலங்காரம் வேண்டாம் என்று சிறுவனின் தாய் தயங்கினார். அவர் மறுத்துப் பேசவில்லை. கூட்டைத் தம் வீட்டுக்குக் கொண்டுசென்று, சிவப்புத்தாள் ஒட்டித் தம் வீட்டுத் தார்சாவின் முன்புறத்தில் தொங்கவிட்டார். கீழே கோலமும், சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவும். மேலே கிறிஸ்துமஸ் நட்சத்திரம். சிறுவனின் சன்னலிலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரிந்தது.

மறுநாள் இரவில் கேரல் குழுவினர் வந்தனர். துக்க வீட்டின் முன் மேளம் முழக்காமல் கடந்துசெல்ல நினைத்தவர்கள், பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைக் கண்டு தயங்கினர். அதை யார் கட்டினார் என்பது அவர்களுக்குத் தெரியும். இரு வாசல்களுக்கும் நடுவே நின்று, மேளமின்றி, மெல்லிய குரலில் ஒரு பாடலைப் பாடி முடித்துச் சென்றனர்.

உப்புப் பார்த்தவன்

டிசம்பர் 25, திங்கட்கிழமை. அன்று மார்கழி அமாவாசை. ரமலான் நோன்பின் இறுதி நாள்களுள் ஒன்று. விடியுமுன் நடந்த ஆராதனைக்கு முந்தைய ஆண்டுச் சட்டையை அணிந்து சென்று திரும்பிய சிறுவனை, எதிர்வீட்டு வாசலிலிருந்து பெத்தும்மா கூப்பிட்டார்.

அவர் வீட்டு அடுக்களையில் நெய்ச்சோறும் கறி ஆணமும் தயாராகிக்கொண்டிருந்தன. அவ்வீட்டில் அப்போது உண்பதற்கு எவரும் இல்லை. பெரியவர்கள் அனைவரும் நோன்பில் இருந்தார்கள். அச்சமையல் சிறுவனின் வீட்டுக்காகவே நடந்தது. பெத்தும்மா ஆணத்தில் ஒரு துளி எடுத்து அவன் உள்ளங்கையில் விட்டார்.

“நான் நாக்குல வைக்க முடியாது வாப்பா. நீதான் உப்புப் பாத்துச் சொல்லணும்.”

சிறுவன் நக்கிப் பார்த்தான். அவனுக்குப் பெருமையும் அச்சமும் ஒருங்கே தோன்றின. “கொஞ்சம் பத்தல” என்றான். அவர் ஒரு சிட்டிகை இட்டுக் கலக்கி மீண்டும் ஒரு துளி விட்டார். “இப்போ சரி” என்றான். அவன் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுப்பை அணைத்தார்.

பாத்திரத்தைப் பெற்றுக்கொண்ட சிறுவனின் தாய்க்குக் கண்கள் கலங்கின. “நோன்பை வச்சுக்கிட்டு இப்படி அனலுக்குள்ள நிக்கணுமாம்மா?” என்று கேட்டார்.

“நோன்பு எங்களுக்குத்தானே? பண்டிகை உங்களுக்கு. பிள்ளைகளைப் பசியோட வைக்காம சாப்பாட்டைப் போடு” என்றார் பெத்தும்மா.

ஆச்சி வீட்டில் செய்த பலகாரங்களைத் தாய் தட்டுகளில் அடுக்கினார். தாத்தா சொன்னவை அனைத்தும் சிறுவனின் நினைவில் இருந்தன. ஆச்சி வீட்டில் முன்னோரை நினைந்து காக்கைக்குச் சோறு வைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து முதல் தட்டைக் கொடுத்தான். இரண்டாம் தட்டை மூடி, மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருந்தான். பொழுது சாய்ந்தது. பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுந்தது. பெத்தும்மா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சி அருந்திக் கிண்ணத்தைக் கீழே வைத்த பின்னரே அவன் தெருவைக் கடந்தான்.

நிலவில்லாத இரவு. ஆச்சி வீட்டு நட்சத்திரத்தின் சிவந்த ஒளி மூன்று வாசல்களிலும் விழுந்திருந்தது. பெத்தும்மா முறுக்கைக் கடித்துவிட்டு, “ஒங்க தாத்தா இருந்தா, இவன் சரியான நேரத்துக்கு வந்துட்டானேன்னு சந்தோசப்படுவாரு” என்றார். தாத்தா இறந்தபின் அவரைப் பற்றிய பேச்சில் சிறுவன் அழாமல் இருந்தது அன்றுதான்.

திரும்பாத தட்டு

ஆண்டுகள் பல கழிந்தன. ஆச்சியும் பெத்தும்மாவும் காலமாயினர். ஆச்சியின் வீடு விற்கப்பட்டது. அன்றைய சிறுவன் இன்று சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாழ்கிறார். அவர் வீட்டு அடுக்களையில், விளிம்பில் ஆச்சி வீட்டுப் பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கிறிஸ்துமசின்போது வந்து, திருப்பிக் கொடுக்கப்படாமல் நின்றுபோன தட்டு அது. எதையேனும் வைத்துத்தான் திருப்ப வேண்டும் என்று நாள் கடத்தி, திருப்புவதற்கு வீடே இல்லாமற் போயிற்று.

சென்ற டிசம்பரில் எதிர்வாசலுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. பெயர்ப்பலகைகூட மாட்டப்படவில்லை. அவர்களுடைய ஊர், சமயம், வழக்கம் எதையும் அவர் அறியார். தம் மகளின் கையில் அத்தட்டைக் கொடுக்கும் முன், பலகாரம் எதையும் அதில் அடுக்கவில்லை.

“முதல்ல போய்க் கேட்டுட்டு வா. அவங்க வீட்ல எதெல்லாம் சாப்பிடுவாங்க, எதெல்லாம் சாப்பிட மாட்டாங்க, எந்நேரம் கொண்டு வந்தா வசதியா இருக்கும்னு கேளு” என்றார்.

மகள் வெறுங்கையுடன் சென்று எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள். அவர் கதவருகே தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார்.