என் லேப்டாப்ல ஓடுதுக்கா

ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு விற்றால் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேற்பட்டவர்களோடு தொடங்கிய விதி, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 அன்று 5 கோடிக்கு வந்தது. அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தரப் பட்டறைகள் பல இப்போது இதற்குள் வருகின்றன. பில் விவரம் அரசின் தளத்துக்குப் போக வேண்டும். ஐஆர்என் என்ற 64 எழுத்து நீளமுள்ள பில் அடையாள எண்ணும் க்யூஆர் கட்டமும் திரும்பி வர வேண்டும். அதன்பிறகே பில்லை அச்சடித்து டிரைவர் கையில் கொடுக்கலாம். எண் வராவிட்டால், எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்கிய பாகங்கள் லாரியிலேயே கிடக்கும்.

அந்த எண் ஏன் வரவில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பார்க்கத் திருமுல்லைவாயில் போனேன்.

மாசிலாமணீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் இது. ரயிலில் ஒருபுறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, மறுபுறம் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை. சிட்கோவின் மகளிர் தொழிற்பேட்டையும் இங்கேதான் இருக்கிறது. நான் போன இடம் சிடிஎச் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடி அறை. கீழே லேத் பட்டறை. அது ஓடும்போது மேலே மேசையில் லேசான அதிர்வு தெரியும். சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு பில், வருகைப்பதிவு, சரக்கிருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருளை இங்கே ஐந்தாறு பேர் எழுதித் தருகிறார்கள். நடத்துபவர் பாலிடெக்னிக் படித்து, சில காலம் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். அறையில் எல்லோருக்கும் அவர் அக்கா.

நான் போய்ச் சேர்ந்தபோதே தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளரின் பில் மென்பொருளை இந்த அறையிலிருந்த பழைய கணினியிலிருந்து முந்தைய இரவுதான் கிளவுட் சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் பில் திரை திறக்கிறது, விவரம் சேர்கிறது, இ-இன்வாய்ஸ் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கரில் அந்தக் கம்பெனியின் கணக்கர்: “மேடம், வண்டி நிக்குது. டிரைவர் ரெண்டு தடவ வந்து கேட்டுட்டாரு.”

“பாத்துட்டு இருக்கோம் சார். அரை மணில கூப்புடுறேன்” என்றார் அக்கா.

மாற்றும் வேலையைச் செய்த இளைஞர் முகம் வெளுத்திருந்தது. “என் லேப்டாப்ல ஓடுதுக்கா. இப்பகூட ஓட்டிப் பாத்தேன்.”

மென்பொருள் உலகம் முழுவதும் கேலிக்கு ஆளான வாக்கியம் இது. தட்டிக்கழிக்கும் பேச்சாகவே பலர் இதைக் கேட்கிறார்கள். அக்கா அப்படிக் கேட்கவில்லை. “ஓடுதா? அப்ப நல்லது. அங்க ஓடுது, இங்க ஓடல. ரெண்டுக்கும் என்னென்ன வித்தியாசம்னு போர்டுல எழுது” என்றார். அந்த நிமிடத்திலிருந்து இளைஞர் சொன்னது ஒரு சாட்சியமாக மாறியது. இந்தக் கைத்தொழிலின் சாரமே அதில் இருப்பதாக எனக்குப் பட்டது. ஓடும் இடம் ஒன்று, ஓடாத இடம் ஒன்று கையில் இருந்தால் காரணம் இரண்டுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும்.

எழுதினார்கள். நிரலின் பதிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றா? ஒன்றுதான். கடவுச்சொற்கள் இருக்கும் அமைப்புக் கோப்பு? அது பொதுக் களஞ்சியத்தில் சேராது, கையால்தான் சர்வரில் வைக்க வேண்டும்; பலமுறை அங்கேதான் தவறும். இன்று அதுவும் சரி. பிறகு அக்கா சர்வருக்குள்ளேயே நுழைந்து, உலாவியை எல்லாம் விட்டுவிட்டு, கர்ல் கட்டளையால் ஒவ்வொரு கட்டமாக அழைத்துப் பார்த்தார். பெயர் முகவரியாக மாறுகிறதா? மாறுகிறது. அந்த முகவரிக்கு இணைப்பு கிடைக்கிறதா? கிடைக்கிறது. சான்றிதழ்ச் சோதனை முடிகிறதா? முடிகிறது. கடைசியில் வந்த பதில் 403.

“இத பாரு,” என்றார் இளைஞரிடம். “டைம்அவுட்னா நாம வழியிலயே நின்னுட்டோம். 403ன்னா அவங்க வரைக்கும் போயாச்சு, அவங்க மறுக்கிறாங்க. உன் லேப்டாப்ப மறுக்கல, சர்வர மட்டும் மறுக்கிறாங்க. அவங்களுக்கு நீ யாரா தெரியுற, சர்வர் யாரா தெரியுது?”

விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. இந்த வாடிக்கையாளரின் பில்கள் ஓர் இடைநிலைச் சேவை வழியாக அரசின் தளத்துக்குப் போகின்றன. முன்பே பதிவுசெய்த ஐபி முகவரியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே அந்தச் சேவை ஏற்கும்; வரி விவரம் போகும் பாதைக்கு இப்படி ஒரு காவல் அவசியம்தான். இந்த அலுவலகத்தின் நிலையான ஐபி பதிவாகியிருந்தது. பழைய கணினியும் இளைஞரின் லேப்டாப்பும் அதே இணைப்பு வழியாக வெளியே போவதால் இரண்டும் அந்த முகவரியிலேயே தெரிந்தன. கிளவுட் சர்வரின் முகவரி வேறு. நிரலில் ஒரு வரிகூடப் பிழையில்லை.

புதிய முகவரியைப் பதிவுசெய்ய விண்ணப்பம் போனது. அது ஏறும்வரை இ-இன்வாய்ஸ் அழைப்புகள் மட்டும் பழைய கணினி வழியாகப் போகும்படி திருப்பிவிட்டார்கள். கணக்கரிடம் அக்காவே பேசினார்: “இப்ப போட்டுப் பாருங்க சார்.” எண் வந்தது. மதியத்துக்குள் லாரி கிளம்பிவிட்டது.

அக்காவின் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. நடந்த ஒவ்வொரு கோளாறும் அதில் மூன்று நான்கு வரியில் பதிவாகிறது: என்ன தெரிந்தது, எங்கே தேடினோம், என்ன காரணம். செய்தவர் பெயர் இருக்காது. புரட்டிப் பார்க்க அனுமதித்தார். வரைபடக் கோப்பு ஏறவில்லை: சர்வரின் முன்வாசலில் இருக்கும் என்ஜின்எக்ஸ், மாற்றிச் சொல்லாதவரை ஒரு எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, லேப்டாப்பில் என்ஜின்எக்ஸே இல்லை. லோகோ தெரியவில்லை: விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. இரவு ஷிப்டில் நள்ளிரவு ஒன்றரைக்குப் பதிவான வருகை முந்தின நாள் கணக்கில் விழுந்தது: சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இந்த மூன்றாவது கோளாறு ஒரு தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தையே தொடக்கூடியது.

அந்த நோட்டில் என்னை அதிகம் நிறுத்தியது தமிழ்ச் சம்பளச் சீட்டு பற்றிய பக்கம். தொழிலாளர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக அக்காவே கேட்டு வாங்கிச் செய்த வசதி அது. விண்டோஸ் லேப்டாப்பில் நிர்மலா போன்ற தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கும். சர்வரில் ஏற்றும் சுருக்கமான லினக்ஸ் அமைப்பில் எழுத்துருவே இருக்காது. முதல் மாதம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்ததும் கட்டங்கள் போயின. ஆனால் பெருமாள் என்ற பெயரில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கணினிக்குள் மெய்க்கு அடுத்துத்தான் சேமிக்கப்படும். காட்டும்போது அதை முன்னால் கொண்டுவந்து வைக்கத் தனி வேலை நடக்க வேண்டும். பைதானின் பில்லோ நூலகம் அந்த வேலையைத் தானே செய்யாது. ராக்ம், ஃப்ரைபிடி என்ற துணை நூலகங்கள் இருந்தால்தான் செய்யும். இல்லாவிட்டால் எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கிவிடும். லேப்டாப்பில் அவை இருந்தன, சர்வரில் இல்லை. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, லாகில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. பெயருக்கு உரியவரே சீட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் தெரிந்தது. இப்போது சர்வரில் எதை ஏற்றினாலும் பெருமாள், கோமதி, மொய்தீன், கௌரி என்ற பெயர்களை முதலில் அச்சடித்துப் பார்க்கிறார்கள். தமிழ் மென்பொருள் செய்யும் எல்லோரும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தையும் ஒன்றாக்கிவிட்டால் சிக்கல் தீராதா? அந்த நோக்கத்தோடுதான் 2013-இல் டாக்கர் வந்தது. நிரலையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒரே பொதியாகக் கட்டி அப்படியே எங்கும் எடுத்துப்போகலாம். எழுத்துருச் சிக்கலை அது தீர்க்கும். ஐபி முகவரிச் சிக்கலைத் தீர்க்காது, ஏனென்றால் அது பொதிக்கு வெளியே இருக்கிறது. புதிதாக ஒரு சிக்கலையும் சேர்க்கிறது: 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுக்கும் சேவை, பொதிக்குள் போனதும் வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பையும் கேட்காது. 0.0.0.0 என்று மாற்றினால்தான் கேட்கும். இதில் மணிக்கணக்காகத் திணறாத புதியவர் இல்லை என்றார்கள்.

ஓர் இடத்தில் ஓடியது இன்னோர் இடத்தில் ஓடாமல் போவது பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்டுச் சுமார் 40 விநாடியில் சிதறியது. திசைகாட்டும் மென்பொருளின் ஒரு பகுதி ஏரியான் 4-இல் நன்றாக ஓடியதுதான். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைக் குறிக்கும் எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. புதிய பாதையின் உண்மையான எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியைத் தரையில் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

கீழே லேத் பட்டறைக்காரரிடம் கொஞ்ச நேரம் பேசினேன். புது பாகத்துக்கு ஆர்டர் வந்தால் முதல் பீஸைச் செய்து வாடிக்கையாளர் கம்பெனிக்கு அனுப்புவார். அங்கே அவர்களுடைய அசெம்பிளியில் பொருத்திப் பார்த்து, ஒப்புதல் கையெழுத்து வந்த பிறகே மீதியை ஓட்டுவார். “நம்ம கேஜ்ல சரியா இருந்தா போதாது சார், அவங்க இடத்துல உக்காரணும்” என்றார். அதற்கான நாட்களையும் கூலியையும் வாடிக்கையாளர் மறுப்பதில்லை.

அதே வாடிக்கையாளர்கள்தான் மாடியில் மென்பொருள் வாங்கும்போது, முதலில் ஓட்டிப் பார்ப்பதற்கான சோதனை சர்வரின் தொகையை விலைப்பட்டியலில் அடித்துவிடுகிறார்கள். அது இருந்திருந்தால், கிளவுடில் இருக்கும் அந்தச் சோதனை சர்வரும் அதே 403-ஐச் சந்தித்திருக்கும். ஒரு வாரம் முன்னால், எந்த லாரியும் காத்திராத நேரத்தில். ஒரு சின்ன மாத வாடகையை மிச்சம் பிடித்ததற்கு ஓர் இளைஞரின் காலையும், ஒரு டிரைவரின் பாதி நாளும், கணக்கரின் நிம்மதியும் விலையாகப் போயின. இது அநியாயம்.

பட்டறை உரிமையாளர்களே, அடுத்த முறை விலைப்பட்டியல் கைக்கு வரும்போது சோதனை சர்வர் என்ற வரியை அடிக்காமல் விடுங்கள். மாற்றும் வேலையை மாதக் கடைசியில் வைக்கச் சொல்லாதீர்கள். உங்கள் தொழிலாளர்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலை முதல் நாளே மென்பொருள் எழுதுபவர்களிடம் கொடுங்கள்.