"நீங்க கேக்கல்லையே, மௌலவி!"



குடும்பச் சஞ்சிகையில் ஒரு மௌலவி மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் நினைக்கக் கூடும். இந்த விஷயத்தில் என்னைவிட அறிவோடு நடந்துகொண்டவர் என் மனைவி. அவருடைய இரண்டு காப்புகளும் இதில் அடக்கம். ஆகவே உங்களிடம் சொல்வதுதான் பொருத்தம்.

2020 ஜனவரியில் எனக்கு இடமாற்றம் கிடைத்தது. சம்மாந்துறையிலிருந்து வயல்வெளிகளைக் கடந்து போக வேண்டிய பாடசாலை. வாய்க்கால் கட்டுதான் பாதை. மாரி காலத்தில் அந்தக் களிமண் சில்லில் அப்பிக்கொண்டால் சாதாரண மோட்டார் சைக்கிள் நகராது. "உயரமான, பாரம் குறைந்த வண்டி எடுங்க மௌலவி, பழைய டீ.டீ. ஒன்று பாருங்க" என்றார்கள் அங்கே படிப்பித்தவர்கள். யமஹா டீ.டீ. 125, சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட டூ ஸ்ட்ரோக் வண்டி. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு நன்கு பழக்கமானது.

கையில் பணம் இல்லை. நகையை அடகு வைத்து வட்டி கட்ட எனக்கு விருப்பமில்லை. மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு காப்பையும் கழற்றித் தந்தார். விற்றோம்.

வண்டி பார்க்கப் போன அன்று நான் செய்த பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதும் மகிழ்ந்துபோனேன். பழைய வண்டியைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். உதைக்கும்போது கால் சும்மா இறங்கிவிட்டால் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். முன் போர்க்கில் ஒயில் கசிகிறதா, செயினும் பற்சக்கரமும் தேய்ந்திருக்கின்றனவா, எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நான் பார்த்தது இலக்கங்களை மட்டுந்தான். எழுத்துப் பழக்கம் உள்ளவன் அல்லவா?

விற்றவர் ஒயில் டேங்கின் மூடியைத் திறந்து காட்டினார். "நிறைய இரிக்கி, பாருங்க மௌலவி" என்றார். பார்த்தேன். நிறையவே இருந்தது.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தருகின்ற ஒயில், பெற்றோலோடு சேர்ந்து உள்ளே போய் அதோடு எரிந்து தீர்ந்துவிடும். அதனால்தான் அந்த வண்டிகள் புகைக்கின்றன. முன்பெல்லாம் பெற்றோல் டேங்கிலேயே ஒயிலைக் கலந்து ஊற்றுவார்கள். 1964 முதல் யமஹா தன் வண்டிகளுக்கு ஒரு சிறு பம்ப் பொருத்தத் தொடங்கியது. தனி டேங்கில் இருக்கும் ஒயிலை அந்தப் பம்ப் வேண்டிய அளவு இழுத்துக் கொடுக்கும். ஒயில் போகாவிட்டால் என்ன நடக்கும்? எண்ணெய் தடவாத அப்பச்சட்டியில் மாவு ஊற்றினால் என்ன நடக்குமோ அதுதான்.

பெற்றோல் ஷெட்டில் வெறும் பெற்றோல் அடித்து ஓடத் தொடங்கினேன். தரம் 10இல் படித்த மகளை அவளுடைய பாடசாலையில் இறக்கிவிட்டு நான் போவேன். ஒரு வாரம் போனது. முற்றத்தில் வண்டி கழுவும்போது மனைவி கேட்டார்:

"இஞ்ச பாருங்க, இந்த ஒயில் ஒரு சொட்டும் குறையல்லியே?"

"சிக்கனமான வண்டி. புகையும் குறைஞ்சிட்டு, பாக்கல்லியா?" என்றேன் பெருமையாக.

"அடுப்பு எரிஞ்சா எண்ணெய்ப் போத்தல் குறையத்தானே வேணும்?"

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வாரம் ஒரு காலை, வாய்க்கால் கட்டில் எஞ்சின் சத்தம் திடீரென்று இறுகியது. ஒரு கணந்தான். பின் சில்லு அப்படியே பூட்டிக்கொண்டது. கிளச்சைப் பிடித்திருந்தால் சில்லு விடுபட்டிருக்கும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. வண்டி சறுக்கி, நானும் மகளும் சேற்றில் விழுந்தோம். மறுபக்கம் விழுந்திருந்தால் வாய்க்கால். நிறைந்து ஓடிய தண்ணீர். அல்லாஹ் காப்பாற்றினான். மகளுக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. "வாப்பா, எனக்கு ஒன்டுமில்ல" என்று அவள் என்னைத் தேற்றினாள்.

கராஜில் கழற்றிப் பார்த்தார்கள். பிஸ்டனின் பக்கங்கள் கீறிக் கிழிந்திருந்தன. ஒயில் பம்ப் எப்போதோ பழுதாகி, குழாயையும் யாரோ அடைத்திருந்தார்கள். "முதல் ஆள் டேங்குலதான் கலந்து ஓடிரிக்கார், ஹஸ்ரத். உங்களுக்குச் சொல்லல்லியா?" என்று கேட்டார் மெக்கானிக். டேங்கில் எஞ்சியிருந்த கலவைதான் எங்களை முதல் சில நாட்கள் ஓட வைத்திருக்கிறது. அது கரையக் கரையத்தான் புகை குறைந்தது. அதை நான் சிக்கனம் என்று கொண்டாடியிருக்கிறேன்!

விற்றவரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னார்: "நான் பொய் சொல்லல்லையே. டேங்குல ஒயில் இரிக்கி என்டுதான் சொன்னன். பம்ப் வேல செய்யுதா என்டு நீங்க கேக்கல்லையே, மௌலவி!"

மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று எத்தனையோ ஆண்டுகள் படிப்பித்தவன் நான். ஆனால் எஞ்சின் என் கையில் உடைந்த பிறகு, வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுக்க வழியில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சிலிண்டரைக் கடைந்து, 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனும் புது ரிங்கும் போட்டோம். பம்ப் தேடியும் கிடைக்கவில்லை. இனி ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 30 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில் கலக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அளப்பதற்கு மனைவி கண்டுபிடித்த கருவி, சின்னவனின் பழைய பால் போத்தல். அதில் மில்லிலீற்றர் கோடுகள் இருக்கின்றன அல்லவா? அன்று முதல் ஒயில் இலாகா அவருடைய பொறுப்பு. 2022இல் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் என்றபோது, 120 கோடு வரை ஊற்றி வைத்திருப்பார். மாதம் ஒருமுறை எயார் ஃபில்டர் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மெல்ல ஒயில் தடவித் தருவார். பிளக்கைக் கழற்றினால் அதன் நுனி தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஆபத்து என்பதும் அவருக்கு அத்துப்படி. வண்டி பிறகு ஒரு நாளும் எங்களைக் கைவிடவில்லை.

2023இல் மகளின் உயர்தரப் படிப்புச் செலவுக்காக வண்டியை விற்க முடிவு செய்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்த நேரம் அது. (2025இல்தான் அந்தத் தடை நீங்கியது.) முதலில் வந்தவர் நல்ல விலை சொன்னார். ஒயில் டேங்கைத் திறந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் நாவு எழவில்லை. "அவர் கேட்கவில்லையே" என்று என் உள்ளமே எனக்குப் பத்வா கொடுத்தது! அடியில் ஈரத் தானியத்தை வைத்து மேலே உலர்ந்ததைக் காட்டிய வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அப்போது கதவோரத்தில் நின்ற மனைவி ஒன்றும் பேசவில்லை. பால் போத்தலை மட்டும் என் கையில் கொண்டுவந்து தந்தார்.

சொல்லிவிட்டேன். பம்ப் இல்லை, சிலிண்டர் கடைந்தது, ஒருமுறை இறுகியது, எல்லாவற்றையும் சொன்னேன். வந்தவர் யோசித்துச் சொல்வதாகப் போனார். திரும்பி வரவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு விவசாயத் தம்பி, விலையைக் கணிசமாகக் குறைத்து வாங்கிக்கொண்டு போனார். தங்கம் ஏறியிருந்த விலைக்கு அந்தப் பணத்தில் ஒரு காப்புக்கூட மீண்டிருக்காது. மகளின் செலவுக்கே அது போதவில்லை; மீதியைச் சீட்டுப் பிடித்துச் சமாளித்தோம். மனைவியின் கை இன்றும் வெறுங்கைதான். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பழைய பொருள் வாங்குகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். வீட்டுப் பெண்களின் கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் விற்கிறவரின் பொறுப்பு, வாங்குகிறவர் கேட்டதோடு முடிவதில்லை.

அந்தத் தம்பி இடைக்கிடை தொலைபேசியில் பேசுவார். கடந்த வாரமும் எடுத்தார். "மௌலவி, மூணு லீற்றருக்கு எவ்வளவு ஊத்தணும்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது:

"தொண்ணூறு என்டு சொல்லுங்க. கோடு பாத்து ஊத்தச் சொல்லுங்க!"